வெளுத்த பம்பருக்குப் புதுக் கறுப்பு: பில் வாங்கிய பிறகு பணம் கொடுங்கள்

கரடியூர் போன்ற சேர்வராயன் மலைக் கிராமங்களில் ஓடும் பழைய கார்களை உற்றுப் பாருங்கள். பாடி பெயிண்ட் ஓரளவு நன்றாகவே இருக்கும். பம்பர், சைடு மிரர் மூடி, வைப்பருக்குக் கீழுள்ள பிளாஸ்டிக் மட்டும் சாம்பல் பூத்திருக்கும். வெயிலின் புற ஊதாக் கதிர்கள் பிளாஸ்டிக்கின் மேற்பரப்பைச் சிதைப்பதே காரணம். ரப்பர் பீடிங் வெடித்துவிட்டால் பிரச்சினை அழகோடு நிற்காது. மழை, பனிமூட்டத்தின் ஈரம் உள்ளே தங்கி, தகடு துருப்பிடிக்கும்.

வேலையில் எங்கே ஏமாறுகிறோம்?

“ஒரு கோட் அடிச்சா புதுசு மாதிரி ஆயிடும் சார்” என்பார் பட்டறைக்காரர். அது நிலைப்பது அடியில் என்ன பூசுகிறார் என்பதைப் பொறுத்தது. பெரும்பாலான பம்பர்கள் பாலிபுரொப்பிலீன் வகை. பெயிண்ட் அதில் எளிதில் ஒட்டாது. பாலிஷின் சிலிகான் பிசுக்கை நீக்கி, வாட்டர் பேப்பர் தேய்த்து, பிளாஸ்டிக் பிரைமர் அடித்த பிறகே நிறம் அடிக்க வேண்டும். பிரைமரைத் தவிர்த்தால் பெயிண்ட் தோலாக உரியும். பனிமூட்டத்தில் திறந்தவெளியில் அடித்தால் ஈரம் ஏறி என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்ட் வெளிறிப்போகும். நன்றாகக் காய்ந்த பின் மறைவான மூலையில் டேப்பை ஒட்டிப் பிய்த்துப் பாருங்கள். பெயிண்ட் கூடவே வந்தால் வேலை சரியில்லை.

இரண்டு பாகம் கலந்து அடிக்கும் பி.யு. (பாலியூரித்தேன்) பெயிண்டின் ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது. முகத்தில் கட்டும் கைக்குட்டை அதைத் தடுக்காது. வீட்டு வாசலில், குழந்தைகள் இருக்கும் இடத்தில் இதை ஸ்பிரே செய்ய விடாதீர்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

வெளுத்த பிளாஸ்டிக்கை மறுபடி கறுப்பாக்க ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டியதில்லை. பாடியின் நிறத்தையே மாற்றினால் ஆர்.சி.யிலும் மாற்ற வேண்டும். பம்பரை மறைக்க இரும்பு புல்பார் மாட்டாதீர்கள். அது மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவுக்கு முரணானது என்று 2017 டிசம்பரில் மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியது. விளக்குகளின் மேல் கறுப்புப் பூச்சும் வேண்டாம். 20 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட சேர்வராயன் மலைச்சாலையில், பனிமூட்டத்துக்குள் எதிரே வருபவருக்கு உங்கள் விளக்குதான் அடையாளம்.

வெயிலில் வெளுத்ததற்கு இன்சூரன்ஸ் கிடைக்காது. விபத்தில் உடைந்தாலும், சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கு 50 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள். பெயிண்டிங்கில் அந்தக் கழிவு பொருள் செலவுக்கு மட்டுமே, கூலிக்குக் கிடையாது.

பெயிண்ட் உரிந்தால்?

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன்படி, செய்த வேலைக்கு பில் தராததே முறையற்ற வணிக நடைமுறை. பட்டறை சரிசெய்ய மறுத்தால் படங்களோடு எழுத்துமூலம் கேளுங்கள். பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் சொல்லலாம். அதுவும் பயன்தராவிட்டால், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது சேர்வராயன் மலைக்காரர்கள் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், 2 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடரலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை.

எந்தப் பிரைமர், எந்த பெயிண்ட், எத்தனை கோட், எத்தனை மாத உத்தரவாதம் ஆகிய நான்கையும் பில்லில் எழுதி வாங்குங்கள். எழுதித்தர மறுக்கும் பட்டறையில் வண்டியை விடாதீர்கள்.