‘24 மணி நேரம் போகட்டும்’

ஜோலார்பேட்டைப் பக்கம் ‘பெரிய ஆஸ்பத்திரி’ என்றால் வேலூர்தான். 1900-ல் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய சி.எம்.சி.க்குப் போக ஜங்ஷனில் ரயிலேறி, வாணியம்பாடி, ஆம்பூர், குடியாத்தம் தாண்டி, காட்பாடியில் இறங்க வேண்டியிருந்த காலம் ஒன்று இருந்தது. சுமார் 85 கிலோமீட்டர். ஷூ கம்பெனியில் மயங்கி விழுந்தவரானாலும், ஏலகிரி அடிவாரத்தில் பூச்சிமருந்து குடித்தவரானாலும், அந்தத் தூரத்தை உயிரோடு கடந்தாக வேண்டும்.

அன்று டாக்டர் கையில் இருந்தவை டார்ச், ஸ்டெதஸ்கோப், பி.பி. கருவி, பிறகு பழக்கம். கண்மணியில் வெளிச்சம் பட்டால் சுருங்குகிறதா, மூச்சு எப்படி வாங்குகிறது, மூத்திரம் இறங்குகிறதா என்று பார்ப்பார். வராந்தாவில் சொந்தபந்தம் சூழ்ந்துகொள்ளும். “பொழச்சுக்குவாரா சார்?” “24 மணி நேரம் போகட்டும், அப்புறம்தான் சொல்ல முடியும்.” நழுவுகிறார் என்றே பலரும் நினைத்தார்கள்.

அது வெறும் நழுவல் இல்லை. 1985-ல் ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகக் குழு வெளியிட்ட ‘அபாச்சி-2’ என்ற மதிப்பெண் முறையும் அதே 24 மணி நேரத்தைத்தான் கேட்கிறது. ஐ.சி.யு.வில் சேர்ந்த முதல் நாளில் நாடி, காய்ச்சல், ரத்த அழுத்தம், சோடியம், கிரியேட்டினின் என 12 அளவுகளில் ஒவ்வொன்றும் எவ்வளவு மோசமாகப் போனது என்று பார்ப்பார்கள். வயதையும் பழைய நோய்களையும் சேர்த்துக் கூட்டினால் 0 முதல் 71 வரை ஓர் எண் வரும். ஏற ஏற ஆபத்து. 1996-ல் வந்த ‘சோஃபா’ இன்னும் எளிது: ஆறு உறுப்பு மண்டலங்கள், ஒவ்வொன்றுக்கும் 4 வரை, மொத்தம் 24. அதைத் தினமும் போடலாம். முதல் நாள் எண்ணைவிட, மூன்றாம் நாள் அது ஏறியதா இறங்கியதா என்பதே எனக்குப் பெரிய தகவலாகப் படுகிறது.

ஆனால் அந்த எண்ணை வைத்து 40 சதவீத ஆபத்து என்று சொன்னால், இதே நிலையில் இருக்கும் நூறு பேரில் நாற்பது பேர் இறக்கக்கூடும் என்று பொருள். உங்கள் மாமா அந்த நாற்பதிலா அறுபதிலா என்பதை எந்த மதிப்பெண்ணும் சொல்லாது.

பூச்சிமருந்துக்கு நம் பக்கத்திலிருந்தே ஒரு விடை வந்தது. இலங்கையின் பேராதனை மருத்துவர்கள் 1993-ல் ஓர் அளவுகோல் வெளியிட்டார்கள். கண்மணியின் அளவு, மூச்சு, நாடி, தசைத் துடிப்பு, நினைவு, வலிப்பு, இவ்வளவுதான். உச்ச மதிப்பெண் 11. லேப் வேண்டாம். அந்தக்கால டாக்டர் டார்ச்சோடு பார்த்ததையே கிட்டத்தட்ட எண்ணாக்கிவிட்டார்கள்.

ஐ.சி.யு. மதிப்பெண் கணக்கு சறுக்கும் இடம் ஒன்று உண்டு, அது எங்கள் ஊர்க்காரர்களுக்கு முக்கியம். வழியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றி, ஆக்சிஜன் வைத்துக் கொண்டுபோனால், ஐ.சி.யு. போய்ச் சேரும்போது அளவுகள் கொஞ்சம் தேறியிருக்கும். மதிப்பெண் குறைவாக வரும். நோயாளி அவ்வளவு தேறியிருக்க மாட்டார். 2006-ல் வந்த ‘அபாச்சி-4’ இதற்காகவே நோயாளி எங்கிருந்து வந்தார், ஐ.சி.யு.வுக்கு முன் எத்தனை நாள் கிடந்தார் என்பதையும் கணக்கில் எடுத்தது.

இன்னொரு சறுக்கலும் நம்முடையது. பணம் தீர்ந்தோ நம்பிக்கை தீர்ந்தோ, “உசுரு இருக்கும்போதே வீட்டுக்குக் கொண்டுபோயிடுறோம்” என்று கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்புகிறார்கள். நோயாளி ஆம்பூர் தாண்டும்போது இறந்தாலும், ஆஸ்பத்திரி ஏட்டில் அது இறப்பாக விழாது. அந்த ஏட்டை வைத்து மதிப்பெண் முறையை எடைபோட்டால் விடை எப்படிச் சரியாக வரும்?

2008 முதல் தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் ஓடுகிறது. ரயிலுக்குக் காத்திருந்த காலம் போய்விட்டது. ஆனாலும் கைமாறும் சீட்டுகளில் ‘மேல்சிகிச்சைக்கு அனுப்பப்படுகிறார்’ என்ற ஒரு வரியும் முத்திரையும் மட்டும் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். முதலில் பார்த்த நேரம், அப்போதைய நாடி, பி.பி., கொடுத்த மருந்து: இந்த நான்கையும் அதில் எழுதித்தரச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். வேலூரில் போடும் கணக்கு அப்போது ஜோலார்பேட்டையிலிருந்தே தொடங்கும்.