காற்றைப் பார்க்கும் அலை, கையைப் பார்க்கும் அலை

சித்தூரிலிருந்து திருப்பதிக்குப் பஸ்ஸில் போயிருக்கிறீர்களா? வழியில் காதங்கி என்ற ஊர் வரும். அங்கே விண்வெளித் துறையின் ஆய்வுக்கூடம் இருக்கிறது. அதன் திடலில் 1024 ஆன்டெனாக்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. இது ஒரு ராடார். 1993இல் வேலைக்கு வந்தது.

வானத்தில் காற்று எந்தப் பக்கம் போகிறது? எவ்வளவு வேகம்? இதைப் பார்ப்பதே ராடாரின் வேலை. காற்றைக் கண்ணால் காண முடியாது. அதனால் ராடார் ரேடியோ அலையை மேலே அனுப்புகிறது. அதில் மிகச் சிறு பகுதி காற்றில் பட்டுத் திரும்புகிறது.

ரயில் ஊதிக்கொண்டு வருவதைக் கேட்டிருப்பீர்கள். வரும்போது சத்தம் கீச்சென்று இருக்கும். நம்மைத் தாண்டியதும் கட்டையாகிவிடும். ரேடியோ அலையும் இப்படித்தான். நெருங்கி வரும் பொருளில் பட்டால் அதன் துடிப்பு கொஞ்சம் கூடும். விலகிப் போகும் பொருளில் பட்டால் கொஞ்சம் குறையும். இதை வைத்தே காற்றின் வேகத்தைக் கணக்கிடுகிறார்கள்.

காற்று சரி. நம் கையசைவு தெரியுமா?

தெரியும். வீட்டில் வைக்கும் வைஃபை பெட்டியும் ரேடியோ அலையைத்தான் அனுப்புகிறது. 2013இல் அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் அந்த அலையைக் கொண்டே 9 சைகைகளை அடையாளம் கண்டார்கள். 100க்கு 94 தடவை சரியாக இருந்தது. கேமரா வைக்கவில்லை. உடம்பில் எதையும் மாட்டவும் இல்லை.

இப்போது கணினிக்கே இதைக் கற்றுக்கொடுக்கிறார்கள். நாம் 'அ' கற்றது நினைவிருக்கிறதா? பலர் எழுதிய 'அ'வைப் பார்த்தோம். இன்று யார் கோணலாக எழுதினாலும் தெரிகிறது. கணினிக்கும் பலருடைய கையசைவின் அலைப் பதிவுகளைக் காட்டுகிறார்கள். 'இது வா', 'இது போ' என்று சொல்லித் தருகிறார்கள். ஆனால் அறையில் பீரோவை நகர்த்தி வைத்தால் போதும், அலை போகும் வழி மாறிவிடும். கணினி தடுமாறும். புதுப் புத்தகத்தைத் திறந்ததும் நாம் தடுமாறவில்லையா?

வீட்டில் பாட்டி தனியாக இருக்கிறார். குளியலறையில் வழுக்கி விழுகிறார். அங்கே கேமரா வைக்க யாருக்கு மனம் வரும்? அலை என்றால் படம் எடுக்காமலே விழுந்ததை அறியலாம். மகனுக்குச் செய்தி போகும்.

இந்த அலை சுவரையும் தாண்டும். அப்படியானால் வெளியில் இருப்பவருக்கும் நம் நடமாட்டம் தெரியலாம் அல்லவா? ஆகவே கருவி வைக்க வருபவரிடம் கேளுங்கள். பதிவு எங்கே போகிறது? யார் பார்ப்பார்கள்? வேண்டாமென்றால் எப்படி நிறுத்துவது?