காக்ளியர் இம்ப்ளான்ட்: அறுவை சிகிச்சை பாதி, பயிற்சி மீதி

“இவங்க அப்பாவும் மூணு வயசுலதான் பேச ஆரம்பிச்சான், கவலைப்படாதே.” பேச்சு வராத குழந்தை இருக்கும் வீட்டில் இப்படி ஆறுதல் சொல்லாத பெரியவர்கள் குறைவு. அன்பால் சொல்வதுதான். ஆனால் பிறவியிலேயே காது கேளாத குழந்தைக்கு அந்த மூன்று வருடங்கள் விலைமதிப்பில்லாதவை. ஒலியைக் கேட்டு, பிரித்தறிந்து, மொழியாக்கிக்கொள்ளும் திறன் மூளைக்கு முதல் சில ஆண்டுகளில்தான் மிக அதிகம். அந்தக் காலம் கழிந்தபின் எவ்வளவு விலையுள்ள கருவியைப் பொருத்தினாலும், முழுப் பலன் கிடைப்பது கடினம்.

வீட்டுச் சோதனையை நம்ப வேண்டாம்

குழந்தைக்குப் பின்னால் நின்று தட்டைத் தட்டுகிறோம். திரும்பிப் பார்த்ததும் நிம்மதியாகிவிடுகிறோம். ஆனால் தரையின் அதிர்வும், சுவரில் ஆடும் நிழலும், அம்மாவின் பார்வை போகும் திசையும்கூடக் குழந்தையைத் திரும்பவைக்கும். மருத்துவமனையில் செய்யும் ஓஏஇ என்ற செவிப் பரிசோதனை, குழந்தை தூங்கும்போதே சில நிமிடங்களில் முடிந்துவிடும். செவி நரம்பின் வழியாகச் செய்தி மூளைத்தண்டுவரை போகிறதா என்பதைப் பெரா பரிசோதனை காட்டும். குறைமாதத்தில் பிறந்து தீவிர சிகிச்சையில் இருந்த குழந்தை, கடுமையான மஞ்சள் காமாலையோ மூளைக்காய்ச்சலோ வந்த குழந்தை, நெருங்கிய சொந்தத்தில் மணந்தவர்களின் குழந்தை ஆகியோருக்குச் செவிப் பரிசோதனையைத் தவறவிடவே கூடாது. ஒரு மாதத்துக்குள் முதல் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் குறையை உறுதிசெய்தல், ஆறு மாதத்துக்குள் சிகிச்சைத் தொடக்கம் என்பதே உலகம் முழுக்க மருத்துவர்கள் வைத்திருக்கும் கணக்கு.

கருவி எப்படி வேலை செய்கிறது?

ஹியரிங் எய்டு ஒலியைப் பெரிதாக்கும். உட்செவியில் நத்தை ஓடுபோல் சுருண்டிருக்கும் காக்ளியாவின் நுண்மயிர் செல்கள் பெருமளவு சிதைந்திருந்தால், ஒலியைப் பெரிதாக்கியும் பயனில்லை. காக்ளியர் இம்ப்ளான்ட் அந்தச் செல்களுக்குப் பதிலாக நின்று நரம்பை நேரடியாக மின்துடிப்பால் தூண்டுகிறது. காதுக்குப் பின்னால் மாட்டும் பிராசஸர் ஒலியை வாங்கும். காந்தத்தால் தலையோடு ஒட்டியிருக்கும் காயில் அதைத் தோலுக்கு அடியில் உள்ள பகுதிக்கு அனுப்பும். அங்கிருந்து காக்ளியாவுக்குள் செல்லும் எலெக்ட்ரோடுகள் நரம்பை எழுப்பும். பல எலெக்ட்ரோடு கொண்ட இத்தகைய கருவியை 1978இல் மெல்போர்னில் கிரேம் கிளார்க் ஒருவருக்குப் பொருத்தினார்.

இது எல்லோருக்கும் பொருந்தாது. செவி நரம்பு இருக்கிறதா என்று எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் பார்த்தாக வேண்டும். ஹியரிங் எய்டு போட்டும் பலனில்லை என்பதும் தெரிந்திருக்க வேண்டும். மூளைக்காய்ச்சலுக்குப் பிறகு கேட்கும் திறன் போனால் காக்ளியா எலும்பாக இறுகிவிடக்கூடும். அப்போது ஒவ்வொரு வாரமும் முக்கியம். பேசிப் பழகி, பிறகு செவித்திறன் இழந்த பெரியவர்களுக்கும் இது நன்றாகக் கைகொடுக்கும்.

ஆபத்துகளைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்

கிருமித்தொற்று, முக நரம்பு பாதிப்பு, தலைச்சுற்றல், கருவி பழுதாகி மறுபடியும் அறுவை சிகிச்சை ஆகியவை அரிதாக நேரலாம். மிச்சமிருக்கும் கொஞ்சநஞ்சக் கேட்கும் திறனும் போகலாம். மூளைக்காய்ச்சல் அபாயம் சற்று கூடுவதால் நியூமோகாக்கல் தடுப்பூசி கட்டாயம் போட வேண்டும். உள்ளே காந்தம் இருப்பதால், பின்னாளில் எம்.ஆர்.ஐ. எடுக்க நேர்ந்தால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

உழைப்பு அதன் பிறகுதான்

அறுவை சிகிச்சை முடிந்த அன்றே காது கேட்காது. காயம் ஆறியபின், பொதுவாக இரண்டு முதல் நான்கு வாரங்களில், கருவியை இயக்குவார்கள். பிறகு ஆடியாலஜிஸ்ட் ஒவ்வொரு எலெக்ட்ரோடின் அளவையும் பலமுறை சரிசெய்வார், இதுதான் மேப்பிங். கூடவே கேட்டுப் பேசும் பயிற்சி பல வருடங்களுக்குத் தொடர வேண்டும். பயிற்சி அறையில் வாரத்துக்குச் சில மணி நேரம் போதாது. அரிசி களையும்போதும் சட்டை மாட்டும்போதும் பேசிக்கொண்டே இருக்கும் அம்மாவும் பாட்டியும்தான் முதல் ஆசிரியர்கள்.

தினமும் காலையில் குழந்தைக்குப் பின்னால் நின்று ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ் என்ற ஆறு ஒலிகளையும் ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். குழந்தை கேட்டு ஒரு வளையத்தைக் கம்பியில் மாட்டட்டும், அல்லது திருப்பிச் சொல்லட்டும். நேற்று கேட்ட ‘ஸ்’ இன்று கேட்காவிட்டால் பேட்டரி, காயில், மைக் மூன்றையும் பாருங்கள். கடலோர ஊர்களின் ஈரக்காற்றிலும் வியர்வையிலும் பிராசஸர் சீக்கிரம் கெடும். இரவில் அதை ஈரம் உறிஞ்சும் பெட்டியில் வையுங்கள்.

உரிமையும் தீர்வும்

ஆண்டு வருமானம் 1.20 லட்சம் ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கான முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், தமிழ்நாட்டில் 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இந்த அறுவை சிகிச்சை செய்யப்படுகிறது. மத்திய அரசின் ‘அடிப்’ திட்டமும் உண்டு. மும்பையின் அலி யாவர் ஜங் நிறுவனம் அதை ஒருங்கிணைக்கிறது. வயது வரம்பு இருப்பதால் நாளைத் தள்ளிப்போட்டால் உதவியும் கைநழுவும்.

கையெழுத்திடும் முன் மூன்று விவரங்களை எழுத்தில் வாங்குங்கள்: உள், வெளிக் கருவிகளுக்கு எத்தனை வருட உத்தரவாதம், பயிற்சி எத்தனை காலம், உதிரிபாகங்களை எங்கே, என்ன விலைக்குப் பெறலாம். பிராசஸரை மாற்றப் பின்னாளில் லட்சங்கள் தேவைப்படலாம் என்பதைப் பல குடும்பங்கள் தாமதமாகத்தான் அறிகின்றன.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், இரு காதுகளிலும் 70 டெசிபல் இழப்பைக் காதுகேளாமை என்று வரையறுக்கிறது. 40 சதவீதமும் அதற்கு மேலும் பாதிப்பு இருப்பதாகச் சான்று பெற்ற குழந்தைக்கு 18 வயதுவரை இலவசக் கல்வி உரிமை உண்டு. அரசுப் பணியில் காதுகேளாதோருக்கும் செவித்திறன் குறைந்தோருக்கும் 1 சதவீத இடஒதுக்கீடு உண்டு. பள்ளி சேர்க்க மறுத்தால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடமும் மாநில ஆணையரிடமும் புகார் செய்யலாம். கட்டணம் செலுத்திய சிகிச்சையிலோ கருவியிலோ குறை இருந்தால், இரண்டு ஆண்டுகளுக்குள் நுகர்வோர் ஆணையத்தை நாடலாம்.

கருவி பொருந்தாத குழந்தையையும், அதை வேண்டாம் என்று முடிவெடுத்த குடும்பத்தையும் குறைவாகப் பார்க்கக் கூடாது. சைகை மொழி முழுமையான மொழி. அதைக் கற்பது அந்தக் குழந்தையின் உரிமை. மொழியே இல்லாமல் ஒரு குழந்தை வளர்வதுதான் பேரிழப்பு. சந்தேகம் இருந்தால் காத்திருக்காதீர்கள். இந்த வாரமே அரசு மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குக் குழந்தையை அழைத்துச் செல்லுங்கள்.