மலையிலிருந்து இறங்கி வரும் நோயாளி

கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019 நவம்பரில். சிறுவங்கூரில் எழுந்த அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரி 12 அன்று, தமிழ்நாட்டின் வேறு பத்துக் கல்லூரிகளோடு சேர்த்துத் திறந்துவைக்கப்பட்டது. அதற்கு முன் இந்த மாவட்டத்துக் கல்வராயன் மலையில் ஒருவருக்கு உடம்பு முற்றிப்போனால் முண்டியம்பாக்கத்துக்கோ சேலத்துக்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோ ஓட வேண்டியிருந்தது. இன்று அந்த அலைச்சல் குறைந்திருக்கிறது. வெள்ளிமலையைத் தலைமையிடமாகக் கொண்டு மலைக்கென்றே ஒரு வட்டம் இருக்கிறது. கரியாலூரில் ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது. கூப்பிட்டால் வர 108 இருக்கிறது. இவ்வளவும் வந்த பிறகும் மலைக் குடும்பங்கள் பலவற்றுக்கு ஆஸ்பத்திரி என்பது வேறு வழியே இல்லாதபோது போகும் இடம்தான். தேசிய குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றுப்படி தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. பெருமைப்பட வேண்டிய எண்தான். ஆனால் மாநிலம் முழுவதற்குமான சராசரியில், மலை முகட்டில் சிதறிக் கிடக்கும் குடிசைகள் கண்ணுக்குத் தெரிவதில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்து விஷச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டவர்களின் உயிரைப் பறித்த பிறகுதான், சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலை குறித்துத் தானே முன்வந்து வழக்கு எடுத்தது. மலைக்குச் சாலை உண்டா, பள்ளி உண்டா, மருத்துவம் உண்டா என்று நாடே கேட்டது. இதோடு இன்னொரு கேள்வியையும் கேட்டாக வேண்டும். இறங்கி வந்த மலைவாசியை அந்த ஆஸ்பத்திரி எப்படி நடத்துகிறது?

அமெரிக்காவில் இந்தக் கேள்வி பல பத்தாண்டுகளாகப் பேசப்படுகிறது. மெக்சிகோவிலிருந்தும் மத்திய, தென் அமெரிக்க நாடுகளிலிருந்தும் வந்து குடியேறிய லத்தீனோ மக்களில் பலர் ஸ்பானிஷ் மட்டுமே பேசுவார்கள். மருத்துவர் ஆங்கிலம் மட்டுமே பேசுவார். நடுவே ஒரு சுவர் இருப்பது பார்த்தவுடன் தெரிந்துவிடுகிறது. அதனால்தான் 1964-ன் குடிமை உரிமைகள் சட்டத்தை அடிப்படையாகக் கொண்டு அங்கே விதிகள் பிறந்தன. நோயாளியின் மொழியையும் பண்பாட்டையும் மதித்துச் சிகிச்சை தருவதற்கான தேசியத் தரநிலைகளை 2000-ல் அந்நாட்டுச் சுகாதாரத் துறை வெளியிட்டது. கல்வராயன் மலையின் சிக்கல் இதற்கு நேர் எதிர். அங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினர் பேசுவதும் தமிழ், டாக்டர் பேசுவதும் தமிழ். கேரளத்து மலையாளிகளோடு இவர்களுக்குத் தொடர்பில்லை. முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்து மலையேறியதாகத்தான் இவர்களது வழிவழிக் கதை சொல்கிறது. ஒரே மொழி என்பதாலேயே நடுவிலுள்ள சுவர் யார் கண்ணிலும் படுவதில்லை. நோயாளி தலையாட்டினால் புரிந்துகொண்டார் என்று எழுதிவிடுகிறோம். மாத்திரையை அவர் விழுங்காவிட்டால் அறியாமை என்கிறோம். மொழி வேறாக இருந்திருந்தால் ஒரு மொழிபெயர்ப்பாளரையாவது தேடியிருப்போம்.

அந்தச் சுவரை எழுப்பியதில் வரலாற்றுக்குப் பெரும் பங்கு உண்டு. 1976-ல் அரசு எடுத்துக்கொள்ளும்வரை கல்வராயன் மலை ஜாகிர்தார்களின் கையில் இருந்தது. நாடு விடுதலை பெற்று ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்துத்தான் அந்த ஆட்சி முடிந்தது. அதன் பிறகும் அரசாங்கம் மலைக்கு ஏறி வந்தது பெரும்பாலும் காக்கி உடையில்தான். வனத்துறை மரத்தைத் தேடியும், போலீஸ் சாராய ஊறலைத் தேடியும் வந்தன. கொஞ்சம் மேற்கே, சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்தியில், 1992 ஜூனில் சந்தனமரத் தேடுதல் என்ற பெயரில் நுழைந்த அரசு ஊழியர்கள் பதினெட்டுப் பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். அந்தப் பெண்களும் இதே மலையாளிச் சமூகத்தார். குற்றம் சாட்டப்பட்டவர்களில் உயிரோடிருந்த 215 பேருக்கு 2011-ல்தான் தண்டனை கிடைத்தது. அதை 2023-ல் உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. சீருடை போட்டவர் கேள்வி கேட்டால் வாயை மூடிக்கொள்வதே பத்திரம் என்று இந்த மக்கள் பட்டுத் தெரிந்துகொண்டார்கள். ஓ.பி. சீட்டு வாங்கும் இடத்தில் ஆதார் கேட்டு ஒருவர் அதட்டும்போதும் அதே பயம்தான் எழும். கோப்பும் கட்டைவிரல் ரேகையும் காத்திருப்பும் நமக்கு அலுப்பு. அவர்களுக்கோ ஏதோ வழக்கில் மாட்டிக்கொண்டது போன்ற கலக்கம்.

இதை மாற்ற முடியும் என்பதற்கு ஆதாரம் பக்கத்திலேயே இருக்கிறது. கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் இடையிலுள்ள சித்திலிங்கிப் பள்ளத்தாக்கில் 1993-ல் டாக்டர் ரெஜி ஜார்ஜும் டாக்டர் லலிதா ரெஜியும் ஒரு குடிசையில் மருத்துவம் தொடங்கினார்கள். அப்போது அங்கே பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 147 குழந்தைகள் ஒரு வயதைத் தாண்டவில்லை. பின்னாளில் அது இருபதை ஒட்டி இறங்கியது. பெரிய எந்திரங்களால் நடந்த மாற்றம் அல்ல இது. பள்ளத்தாக்கின் பெண்களையே தேர்ந்தெடுத்துச் சுகாதாரப் பணியாளர்களாகப் பயிற்றுவித்தார்கள். கர்ப்பிணியை வீட்டில் போய்ப் பார்த்தவளும், ஆஸ்பத்திரிக் கட்டிலருகே நின்றவளும் தெரிந்த முகமாக இருந்தாள். கூடலூர் ஆதிவாசி மருத்துவமனையும் 1990 முதல் இதே வழியில், ஆதிவாசிப் பெண்களைச் செவிலியராக்கித்தான் வளர்ந்தது. அச்சத்தோடு வரும் தாய்க்கு, தன் ஊர்ப் பேச்சில் ‘வா அக்கா, நான் இருக்கேன்’ என்று சொல்லும் ஒருத்தியும் மருந்தில் சேர்த்திதான்.

லத்தீன் அமெரிக்காவிலிருந்தே இன்னும் துல்லியமான சான்று ஒன்று உண்டு. பெரு நாட்டின் அயாகுச்சோ மலைப்பகுதி 1980-களில் உள்நாட்டுப் போரால் சிதைந்த இடம். அங்கே வாழும் கெச்சுவா மக்கள் அரசாங்கத்தை நம்பாததற்குக் காரணங்கள் நிறைய இருந்தன. சந்தில்யானா என்ற வட்டாரத்தில் 1999-ல் நூற்றுக்கு 6 பிரசவங்களே சுகாதார நிலையத்தில் நடந்தன. ஏன் வருவதில்லை என்று பெண்களையே கேட்டார்கள். மல்லாந்து படுக்க வைப்பது, கணவனையும் தாயையும் வெளியே நிறுத்துவது, புரியாத மொழியில் அதட்டுவது என்று பதில் வந்தது. உட்கார்ந்தபடி பிள்ளை பெறப் பிடித்துக்கொள்ளக் கயிறும் ஒரு பலகையும் வைத்தார்கள். குடும்பத்தாரையும் ஊர் மருத்துவச்சியையும் உள்ளே விட்டார்கள். ஊழியர்கள் கெச்சுவா பேசினார்கள். கையுறையும் ஊசியும் அப்படியே இருந்தன. மருத்துவ அறிவில் ஒரு துளியும் விட்டுக்கொடுக்கவில்லை. 2007-ல் அந்த எண்ணிக்கை நூற்றுக்கு 83. உட்கார்ந்து பிள்ளை பெறும் முறைக்கு 2005-லேயே பெரு அரசு தேசிய வழிகாட்டுதலை வெளியிட்டுவிட்டது.

மலைக்கு முதலில் சாலை போடுங்கள், பண்பாட்டையெல்லாம் அப்புறம் பார்க்கலாம் என்பவர்களின் கோபம் நியாயமானது. கர்ப்பிணியைத் தொட்டில் கட்டித் தூக்கி வரும் ஊர்கள் இருக்கும்வரை சாலைதான் முதல் மருந்து. ஆனால் சாலையில் ஏறிப் போகவும் முடியும், இறங்கி வரவும் முடியும். கொண்டுவந்து சேர்த்த நோயாளி சிகிச்சை முடியுமுன் சொல்லாமல் போய்விட்டால், போட்ட தாருக்கும் ஓட்டிய ஆம்புலன்ஸுக்கும் என்ன பலன்? அரசு ஆஸ்பத்திரியில் எல்லோரும் சமம், பழங்குடிக்கென்று தனி நடைமுறை எதற்கு என்பது இன்னொரு வாதம். சாதி பார்க்காத இலவச வார்டு தமிழ்நாடு போராடிப் பெற்ற சொத்து. அதைக் குலைக்கும் எதையும் ஏற்க முடியாது. ஆனால் தனி வார்டு கேட்கவில்லையே. பிரசவ அறையில் உறவுக்காரப் பெண் ஒருவர் உடனிருக்கலாம் என்று 2004-ல் தமிழ்நாடு அனுமதித்தபோது, அது எல்லாத் தாய்மாருக்கும் உதவியது. மலைப்பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்கள் சிலவற்றில், பேறுகாலத்துக்குச் சில நாள் முன்பே வந்து தங்கப் பிரசவக் காத்திருப்பு அறைகள் கட்டியதும் இதே அரசுதான். அந்த அறையில் துணைக்கு வந்தவருக்கும் சோறு உண்டா, வீட்டில் விட்டுவந்த கைக்குழந்தையைக் கூட்டி வரலாமா என்பதைப் பொறுத்துத்தான் அது நிரம்புவதும் பூட்டிக் கிடப்பதும். ஊழியர்களுக்கு நேரமில்லை என்பது உண்மை. ஒரு நர்ஸ் எத்தனை கட்டிலைப் பார்ப்பார்? ஆனால் பாதியில் போன காசநோயாளி மருந்துக்கு அடங்காத கிருமியோடு திரும்பி வரும்போது, முதலில் மிச்சம் பிடித்த ஐந்து நிமிடத்துக்குப் பல மாதங்களைச் செலவிட வேண்டியிருக்கும்.

மிகக் கடினமான எதிர்ப்பு வேறு. வழக்கத்தை மதிக்கிறோம் என்று சொல்லிக் குழந்தைத் திருமணத்தையும் மதிப்பதா? கூடாது, பதினாறு வயதுப் பெண்ணின் கர்ப்பத்தைப் பண்பாடு என்று கூறி யாரும் நியாயப்படுத்த முடியாது. ஆனால் இங்கே சட்டமே ஒரு முடிச்சைப் போட்டிருக்கிறது. பதினெட்டு வயதுக்குட்பட்ட பெண் கர்ப்பமாக வந்தால் போக்சோ சட்டப்படி மருத்துவர் போலீசுக்குத் தெரிவித்தாக வேண்டும். கணவனையோ தகப்பனையோ ஜெயிலில் போடுவார்கள் என்று பயந்த குடும்பம், அந்தப் பெண்ணைப் பிரசவம்வரை ஒளித்து வைக்கிறது. உயிராபத்து மிகுதியாக உள்ளவளே டாக்டர் கண்ணில் படாமல் போகிறாள். கருக்கலைப்புக்கு வரும் இத்தகைய பெண்களின் அடையாளத்தை வெளியிடத் தேவையில்லை என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு வழி காட்டியது. பிள்ளை பெற வருபவளுக்கு அப்படியொரு வழி இன்னும் தெளிவாகவில்லை. திருமணத்தைத் தடுக்கும் வேலை பள்ளியிலும் ஊர்க்கூட்டத்திலும் நடக்க வேண்டும். பிரசவ அறையின் வாசலில் அந்தக் கண்டிப்பைக் காட்டினால், அதற்கான விலையைக் கொடுப்பது அந்தச் சிறுமியின் உடம்பு.

மலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவிலுள்ள சுவரைத் தகர்ப்பதற்கான கருவிகள் சிறுவங்கூரில் ஏற்கெனவே கையில் இருக்கின்றன. ஒவ்வொரு எம்.பி.பி.எஸ். மாணவரும் சில கிராமக் குடும்பங்களைத் தத்தெடுத்துப் படிப்புக்காலம் முழுக்கத் தொடர்பில் இருக்க வேண்டும் என்பது 2022 முதல் தேசிய மருத்துவ ஆணையத்தின் விதி. அந்தக் குடும்பங்களில் ஒரு பங்கை வெள்ளிமலைக்கும் கரியாலூருக்கும் மேலே உள்ள ஊர்களில் தேர்ந்தெடுத்தால், மாணவர் படிக்கும் பாடம் மாறும். மலையிலுள்ள உண்டு உறைவிடப் பள்ளிகளில் பிளஸ் டூ முடிக்கும் பெண்களை நர்சிங் படிப்புக்குக் கைபிடித்து அழைத்து வரலாம். அது பலன் தர நான்கைந்து ஆண்டுகள் ஆகும். ஒரு காரியத்தை மட்டும் அடுத்த மாதமே செய்யலாம். சிகிச்சையைப் பாதியில் விட்டுச் சென்ற நோயாளிகளின் கணக்கு ஒவ்வொரு வார்டுப் பதிவேட்டிலும் இருக்கிறது. பெயர்களை நீக்கி, எந்த ஊரிலிருந்து எத்தனை பேர் என்று மட்டும் பிரித்து, அந்தப் பட்டியலோடு மருத்துவமனைக் கண்காணிப்பாளர் மலைக் கிராம சபைக்குப் போய், ஏன் போனீர்கள் என்று கேட்டு, சொல்வதை அங்கேயே எழுதிக்கொள்ளலாம்.