பந்தய யந்திரம் – 11: முதலில் பெட்ரோலைப் பாருங்கள்

முழுவதும் பிரித்துப் புதிய பிஸ்டனும் ரிங்கும் பேரிங்கும் போட்டு, வால்வுகளைப் பதமாக உட்கார வைத்து, சென்ற வாரங்களில் நாம் விவரமாகப் பார்த்த காரியங்கள் அனைத்தையும் செய்து முடித்த ஒரு யந்திரம், முதல் ஓட்டத்திலேயே மேட்டில் திணறி, முழு வேகத்தில் மிஸ்ஸிங் அடிக்குமானால், பார்க்கிறவர் எல்லோருடைய சந்தேகமும் அதைக் கட்டிய கையின் மேல்தான் முதலில் விழுகிறது. இது இயல்பே ஆயினும் பல சமயங்களில் பெரிய அநியாயம். யந்திரம் பட்டறையில் பிரிந்து கிடந்த மாதங்களில் டேங்க்கை ஒருவரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். அதில் பாதி கிடந்த பழைய பெட்ரோலோ, தன் லேசான அம்சங்களை ஆவியாக இழந்து, காற்றின் ஈரத்தை வாங்கி, பிசுபிசுப்பான கசடாக மாறிக்கொண்டிருந்திருக்கும்.

நம் ராலிப் பந்தயங்களில் நெடுங்காலம் பேர்பெற்று விளங்கிய மாருதி எஸ்டீமின் 1298 சி.சி. யந்திரம் ஒன்று, கோயம்புத்தூர்ப் பட்டறை ஒன்றில் இப்படித்தான் புதுப்பித்த கையோடு அடம்பிடித்து நின்றது. “ஹெட்டக் கழட்டீரலாமுங்களாண்ணா?” என்று ஸ்பானரோடு வந்து நின்ற இளைஞனிடம், “பொறு தம்பி, மொதல்ல ஒரு கண்ணாடி பாட்டில் கொண்டா” என்றார் மூத்த மெக்கானிக். டேங்க்கின் அடியிலிருந்து பிடித்த பெட்ரோலை அந்தப் பாட்டிலில் இரவு முழுதும் ஆடாமல் வைத்துக் காலையில் பார்த்தபோது, மேலே மஞ்சளாகப் பெட்ரோலும், கீழே விரற்கடை உயரத்துக்கு நிறமற்ற வேறொரு திரவமும், அதன் அடியில் செந்துருப் பொடியும் பிரிந்து நின்றன. ஹெட்டின் ஒரு போல்ட்டைக்கூடத் தளர்த்தாமலே தோஷம் நிர்ணயமாகிவிட்டது.

அந்த நிறமற்ற திரவம் வெறும் தண்ணீர் அன்று. இன்று நாம் வாங்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனாலுக்குத் தண்ணீரின் மேல் உள்ள பற்று பெட்ரோலின் மேல் இல்லை. 10 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் ஏறத்தாழ அரை சதவீதத் தண்ணீர் வரைதான் தாங்கும். அதற்கு மேல் ஈரம் சேர்ந்தால், எத்தனால் தண்ணீரோடு கைகோத்துப் பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் இறங்கிவிடுகிறது. பம்ப் உறிஞ்சுவதோ டேங்க்கின் அடியிலிருந்து! ஆகவே இன்ஜெக்டர்களுக்கு முதலில் போய்ச் சேருவது, பற்றி எரிய மறுக்கும் அந்தக் கலவை. அது தீர்ந்த பின் வருவது, எத்தனாலை இழந்து ஆக்டேனும் குறைந்துபோன பெட்ரோல்.

இத்தோஷம் சாதாரண ஓட்டத்தில் ஏன் வெளிப்படுவதில்லை என்பதை அவசியம் அறிந்துகொள்ள வேண்டும். ஒரு பங்கு பெட்ரோல் எரிய எடையில் சுமார் 14.7 பங்கு காற்றும், ஒரு பங்கு எத்தனால் எரிய 9 பங்கு காற்றும் போதும். எனவே எத்தனால் கூடினால் அதே காற்றுக்கு எரிபொருளை அதிகமாகத் தெளிக்க வேண்டும். மிதமாகச் செல்லும்போது சைலன்ஸர் குழாயிலுள்ள ஆக்ஸிஜன் சென்ஸார் சொல்வதைக் கேட்டுக் கம்ப்யூட்டர் இந்த வித்தியாசத்தைச் சரிசெய்துகொள்கிறது. ஆக்ஸிலரேட்டரை முழுதும் மிதித்தாலோ, பெரும்பாலான யந்திரங்களில் அந்தத் திருத்தம் நின்று, முன்பே எழுதிவைத்த கணக்கின்படியே தெளிப்பு நடக்கிறது. போதாத எரிபொருளோடு முழு பலத்தில் ஓடும் யந்திரம் சூடேறி நாக்கிங் அடிக்கும். ஸ்பார்க் பிளக்கின் வெள்ளைப் பீங்கான் மீது மிளகுப்பொடி தூவினாற்போல் நுண்ணிய புள்ளிகள் தெரிந்தால், பிஸ்டனின் தலை அரிக்கப்படத் தொடங்கிவிட்டது என்றே கொள்ள வேண்டும்.

கசடும் துருவும் செய்யும் கேடு வேறு வகை. பம்ப்பின் சல்லடை அடைபட்டால் ஐடிலில் சரியாக இருக்கும் அழுத்தம் பாரத்தில் இறங்கிவிடும். ஆகவே கேஜை மாட்டி வண்டியை ஓட்டியே பார்க்க வேண்டும். ஒரு சிலிண்டர் மட்டும் தவறினால் அதன் இன்ஜெக்டரை அடுத்ததற்கு மாற்றிப் போடுங்கள். கோளாறும் கூடவே நகர்ந்தால் குற்றம் இன்ஜெக்டருடையது, நகராவிட்டால் சிலிண்டரை ஆராயலாம். எல்லாவற்றிலும் தீர்க்கமான பரீட்சை, டேங்க்கைத் துண்டித்துவிட்டுத் தனிக் கேனில் புதிய பெட்ரோலும் தனிப் பம்ப்பும் வைத்து ஓட்டிப் பார்ப்பதே. அதில் யந்திரம் சுகமாக ஓடினால், கட்டிய கை நிரபராதி.

கூடவே டிப்ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாசனை அடித்தால், எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரின் எண்ணெயைக் கழுவிக் கீழே இறங்கியிருக்கிறது. புதிய ரிங்குகள் இன்னும் படியாத நிலையில் இது மிகவும் கெடுதல். அந்த எண்ணெயை உடனே வடித்து மாற்றிவிட வேண்டும்.

இனி, புதிதாக வாங்கும் பெட்ரோலைப் பற்றி: பில்டர் காகிதத்தில் அதில் ஒரு துளி விட்டுக் கறை படிகிறதா என்று பார்ப்பது மண்ணெண்ணெய்க் கலப்படத்தைக் காட்டும். சீக்கிரம் ஆவியாகும் சால்வென்ட்டையோ தண்ணீரையோ காட்டாது. ஆயினும் அந்தக் காகிதத்தையும், அன்றைய அடர்த்திக் கணக்கையும் பெட்ரோல் பங்க்கில் கேட்டுப் பெற உங்களுக்கு உரிமை உண்டு. புதுப்பித்த யந்திரத்தில் முதல் சொட்டு விழும் முன், டேங்க்கை இறக்கிக் கழுவுங்கள். பங்க்கில் கேட்கக் கூச்சப்படாதீர்கள்.