விரல் நுனியில் ஒரு வளிமண்டலம்

ஓசூர்த் தொழிற்பேட்டையில் நாள் முழுதும் இயந்திரத்தின் முன் நின்றுவிட்டு மத்திகிரிக்குத் திரும்பும் அப்பா, "தோளைக் கொஞ்சம் அமுக்கிவிடு" என்கிறார். விரல் பட்டதும் வலி குறைகிறதே, ஏன்?

ஜப்பானியர் இதை ஒரு கலையாகவே வளர்த்துள்ளனர். பெயர் 'ஷியாட்சு'. 'ஷி' என்றால் விரல். 'அட்சு' என்றால் அழுத்தம். தோகுஜிரோ நமிகோஷி 1940-இல் டோக்கியோவில் இதற்கெனப் பள்ளி நிறுவினார்.

விசையைப் பரப்பால் வகுத்தால் அழுத்தம் என்று படித்திருப்பீர்கள். ஷியாட்சு செய்பவர் உடலைச் சாய்த்து, தம் எடையில் ஒரு பங்கைக் கட்டைவிரல் வழியே இறக்குகிறார். 5 கிலோகிராம் எடை 5 சதுர சென்டிமீட்டரில் இறங்கினால், ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம்! அதே எடை 100 சதுர சென்டிமீட்டர் உள்ளங்கையில் பரவினால், இருபதில் ஒரு பங்குதான்.

வலி குறைவதற்கு மெல்சாக், வால் என்னும் அறிஞர்கள் 1965-இல் ஒரு விளக்கம் தந்தனர்: தொடுகையும் அழுத்தமும் அனுப்பும் செய்திகள், தண்டுவடத்தில் வலிச் செய்தியை ஓரளவு தடுக்கின்றன. 'கி' என்னும் உயிராற்றல் பாய்வதாக ஜப்பானிய மரபு கூறும். அதை எக்கருவியும் அளந்ததில்லை.

ஆகவே இது அயர்வுக்கு இதம், நோய்க்கு மருந்தன்று. தோள்வலியோடு நெஞ்சுவலியும் வியர்வையும் கண்டால் அமுக்கிக்கொண்டிராதீர்கள். அப்பாவை உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்!