சட்டமும் நிர்வாகமும் சேர்த்துப் பயில்வோர்க்கு

சென்ற மாதம் ஒரு ஞாயிறன்று, இரண்டாம் திருப்பலி முடித்துப் பங்கு இல்லத்திற்குத் திரும்பினோம். திண்ணையில் ஒரு குடும்பம் நமக்காகக் காத்திருந்தது. மகள் பட்டப்படிப்பை முடித்தவள்.

"சுவாமி, இவளை வக்கீலாக்க வேண்டும் என்பது என் ஆசை. கலெக்டர் ஆபீஸ் உத்தியோகம் என்கிறாள் இவள் தாய். பிள்ளையோ, சட்டத்தையும் பொது நிர்வாகத்தையும் சேர்த்தே படிப்பேன் என்கிறாள். நடக்கிற காரியமா?" என்றார் தந்தை.

நடக்கிற காரியமே. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சில, மூவாண்டுச் சட்டப் படிப்பையும் ஈராண்டு நிர்வாக முதுகலையையும் பிணைத்து, நான்கே ஆண்டுகளில் இரு பட்டங்களையும் அளிக்கின்றன. நம் நாட்டில் வழி வேறு. இந்திய பார் கவுன்சிலின் 2008-ஆம் ஆண்டு விதிகளின்படி, சட்ட மாணவர் அதே காலத்தில் வேறொரு நேரடிப் பட்ட வகுப்பில் சேரலாகாது. தொலைநிலைக் கல்விக்கு விலக்கு உண்டு. பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் ஒரே காலத்தில் இரு பட்டங்கள் பயில இசைந்ததும், இத்தகைய மன்றங்களின் விதிகளுக்கு உட்பட்டே. ஆகவே, கல்லூரிக்குச் சென்று சட்டம், வீட்டிலிருந்து நிர்வாகம்.

இதைத் தலைகீழாக்கிக் கெட்டவர் உண்டு. நாம் அறிந்த ஓர் இளைஞர் தபால்வழியில் 'சட்டம்' படிக்கப் பணம் கட்டினார். அப்பட்டத்தைக் கொண்டு வழக்கறிஞராகப் பதிவு செய்ய இயலாதென்பதைப் பின்னரே அறிந்தார். தாயின் சங்கிலி போனதுதான் மிச்சம். சட்டக் கல்லூரியில் பாடந்தோறும் நூற்றுக்கு 70 வகுப்புகளுக்காவது வருகை தந்தாக வேண்டும்.

இரண்டும் எதற்கு என்று தாய் வினவினார். நியாயமான கேள்வி. விதவை ஒருத்தியின் உதவித்தொகை மனு தாலுகா அலுவலகத்தில் கிடக்கிறதென வைத்துக்கொள்வோம். அரசியலமைப்பின் 226-ஆம் பிரிவின்கீழ் உயர் நீதிமன்றத்தை அணுகலாம் எனச் சட்டம் சொல்லும். ஆனால் கோப்பு எந்த மேசையில், எந்த ஒப்புதலுக்காக நிற்கிறது என்பதை அறிய நிர்வாகப் படிப்பு உதவும். பல வேளைகளில் வழக்கே தேவைப்படாது. 2005-ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின்படி ஒரு மனு போட்டால், 30 நாட்களுக்குள் பதில் தந்தாக வேண்டும்.

ஐ.ஏ.எஸ். தேர்வுக்கு இரண்டுமே விருப்பப் பாடங்களாக உதவுமே என்றார் தந்தை. 2013 முதல் விருப்பப் பாடம் ஒன்றுதான் என்றோம். அவர் முகம் சற்றே வாடியது.

முதல் ஆண்டு சட்டம் மட்டும் பயிலட்டும், நிர்வாகத்தை மறு ஆண்டில் தொடங்கட்டும் என்பது நம் யோசனை. மகளுக்கு அது முழுமையாக உவக்கவில்லை. எனினும் விண்ணப்பத்தை நம் மேசைமீதே வைத்து நிரப்பலானாள். தாய், கல்லூரிக்கு அருகே கன்னியர் நடத்தும் விடுதி உண்டா என விசாரித்துக்கொண்டிருந்தார்.